ஆடி மாசம் வாங்காத வண்டி

பெல் அடிக்காதீங்கண்ணே. கைய எடுங்க. கார் பாக்கத்தானே வந்தீங்க? விளம்பரம் பாத்துட்டு? அந்த செவப்பு வண்டி? தெரியும். போன்ல போட்டோவப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டே வந்தீங்க, தெருமுனையிலயே கண்டுபிடிச்சுட்டேன். உக்காருங்க. இங்க, பாதாம் மரத்தடியில, இந்தக் கல்லு மேல. ஐயோ, கடிக்க மாட்டேண்ணே, உக்காருங்க.

மிசே ஆல்பேர் வீடு இதுதான். இந்தப் பாண்டிச்சேரியில ஐயான்னு கூப்புடறதுக்கு மிசேன்னுதான் சொல்லுவாங்க. உள்ளதான் இருக்கார். எங்கப்பாவும் எங்கம்மாவும் உள்ளதான் இருக்காங்க. என்னை மட்டும் வெளியில உக்கார வெச்சுட்டாங்க. "லோகு, நீ உள்ள வந்தா காரியம் கெடும். யார்கிட்டயும் எதுவும் பேசாம உக்காரும்மா"ன்னு எங்கப்பா கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறார். நான் சட்டம் படிக்கிறேண்ணே. ரெண்டாம் வருஷம். காலேஜ் வாதப் போட்டியில கப் வாங்கினவ. என்னைப் பாத்து பேசாதன்னா? பேசறதுக்குத்தானேப்பா ஃபீஸ் கட்டுறன்னு கேட்டேன். கேள்வி கேக்கறது தப்பாண்ணே?

நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். அந்த வண்டிய நீங்க வாங்கக் கூடாது. அது எங்க வண்டி. எங்கம்மா கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போடுறவங்க. விழுப்புரத்துல பாதிப் பொண்ணுங்க எங்கம்மா கையாலதான் மணவறை ஏறியிருக்கு. ஞாயித்துக்கிழமை முகூர்த்தம், இந்த ஆவணியில மொத முகூர்த்தம், அதுவும் செஞ்சி தாண்டி உள்ள ஒரு ஊரு. விடியறதுக்கு முன்னாடி அங்க நிக்கணும். மேக்கப் பொட்டி, சவுரி, நகை செட்டு, அயர்ன் பாக்ஸ், இதையெல்லாம் தூக்கிட்டு ஆட்டோவ நம்ப முடியுமா? போன வருஷம் ஒரு ஆட்டோக்காரர் நேரத்துக்கு வராம, எங்கம்மா லேட்டாப் போயி, பொண்ணு ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டுட்டு தாலி கட்டிக்கிச்சு. அதுலருந்துதான் எங்கம்மா, கார் இல்லாம இனிமே ஆர்டர் எடுக்க மாட்டேன்னு உக்காந்துட்டாங்க. கார் வந்துடுச்சுன்னு நம்பி இந்த சீசனுக்கு எடுத்தும் வெச்சுட்டாங்க. இப்ப கார் உள்ள நிக்குது, நான் வெளிய உக்காந்திருக்கேன்.

மணி என்னண்ணே? சரி, சரி. நிறைய நேரம் இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்லல்ல உங்களுக்கு?

இந்த மிசே ஆல்பேர நம்பாதீங்க. ஆளு பாக்க ரொம்ப சாது மாதிரி இருப்பார். அவங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவராம், சொல்தான்னு சொல்லுவாங்களே, அந்தக் குடும்பம். வெள்ளச் சட்டை, இன் பண்ணியிருப்பார், பேச்சு அவ்ளோ மெதுவா. "மத்மசேல், வாங்க, காப்பி சாப்புடுங்க"ன்னு பிரெஞ்சு மரியாதையோட கூப்புடுவார். அங்கதான் இருக்கு சூட்சுமம். மொதல்நாள் நாங்க வண்டி பாக்க வந்தப்ப என்ன செஞ்சார் தெரியுமா? அவரே எங்கள வண்டியச் சுத்திக் கூட்டிட்டுப் போயி, "இந்தக் கதவுல கோடு விழுந்திருக்கு பாருங்க, பின் வைப்பர் வேலை செய்யாது, மழையில டிக்கி ஓரமா லேசா கசியும், துணி வெச்சுக்கணும்"னு சொல்றார். விக்கிறவன் எவனாவது குறைய அவனே சொல்லுவானா? எவ்ளோ பெரிய தந்திரம் பாத்துக்கோங்க. நாம நம்பணும்னே சொல்றது.

அப்புறம் டாக்ஸ். அதையும் அவரேதான் ஆரம்பிச்சார். "இது பாண்டிச்சேரி வண்டி. இங்க வரி கட்டியிருக்கு. உங்க தமிழ்நாட்டு வரி கட்டல. நீங்க விழுப்புரத்துல வெச்சு ஓட்டணும்னா உங்க பேருக்கு மாத்தி, உங்க ஆபீஸ்ல வரி கட்டணும். அதுக்காகத்தான் விலையக் குறைச்சு சொல்றேன். இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடலாம், பேப்பரெல்லாம் ரெடியா இருக்கு"ன்னார்.

இன்னைக்கே! அவ்ளோ அவசரம். ஏன் அவசரப்படறார்னு எனக்கு அப்பவே சந்தேகம்.

ஆனா அவர் அவசரப்பட்டு என்ன பண்றது, எங்கப்பா இருக்காரே. மோட்டாருக்கு காயில் கட்டுற கடை வெச்சிருக்கார். கரண்ட்டு எந்தப் பக்கம் போகுது எந்தப் பக்கம் வருதுன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுவார். ஆனா காலண்டர்ல ராகு காலம் பாக்காம கடை ஷட்டரத் தூக்க மாட்டார். அன்னைக்கு ஆனி கடைசி. நல்ல நேரம் முடிஞ்சு போச்சு. மறுநாள் ஆடி. "ஆடியில கையெழுத்தா? ஆவணியில போட்டுக்கலாங்க. ஆனா வண்டிய இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன். ஆடி பொறந்துட்டா வண்டியும் எடுக்கக் கூடாதே"ங்கறார். பணத்தக் குடுத்துட்டார், சாவிய வாங்கிட்டார். கையெழுத்து மட்டும் கிடையாது. மிசே ஆல்பேர் பாவம் முழிக்கிறார். "எனக்கு ஆடியும் இல்ல ஆவணியும் இல்லீங்க, நான் சர்ச்சுக்குப் போறவன்"னார். "நீங்க போறீங்க, ராகு கேது அதப் பாக்குமா?"ன்னுட்டார் எங்கப்பா.

நான் காருக்குள்ளயே சண்டை, இல்ல, சண்டை இல்லண்ணே, கேள்வி கேட்டேன். "அப்பா, இது மூடநம்பிக்கை. சட்டத்துல ஆடி மாசம்னு ஒண்ணு கிடையவே கிடையாது"ன்னேன். கேக்கணுமே. அவர்பாட்டுக்கு ஓட்டிட்டு வர்றார். வண்டி என்னமோ நல்லாத்தான் ஓடுச்சு, அதச் சொல்லணும்ல. ஏசி போட்டா எங்கம்மா பவுடர் கரையாம வீடு வந்து சேர்ந்தாங்க. டேங்க் வேற ஃபுல்லா இருந்துச்சு, அந்த மனுஷன் ரொப்பிக் குடுத்திருக்கார். எதுக்கு ரொப்பணும்? யோசிங்க.

ஆடி மூணாவது வெள்ளி. எங்க குலதெய்வத்துக்குக் கூழ் ஊத்தணும். திண்டிவனம் தாண்டிப் போகணும். பானை, முருங்கக்கீரை, கருவாட்டுக் குழம்பு எல்லாத்தையும் டிக்கியில ஏத்தியாச்சு. போகும்போது ஒண்ணும் இல்ல. ஊத்திட்டு, மிச்சக் கூழோட திரும்பும்போது ரோட்ல செக்கிங். ஆர்டிஓ ஆபீசருங்க ஓரமா நிக்கறாங்க. ஒரு ஆபீசர், அம்பது வயசிருக்கும், வெயில்ல வெந்து போயி நின்னார். பாண்டி நம்பர் பாத்ததும் கைய நீட்டிட்டார்.

"வண்டி யாருது?"

"நம்மளுதுதான் சார். இப்பத்தான் வாங்கினேன்"ங்கறார் எங்கப்பா.

"ஊரு?"

"விழுப்புரம்."

"டாக்ஸு?"

"ஆடி சார். ஆவணி பொறந்ததும் பேர மாத்தி மொத வேலையா கட்டிடறேன் சார்."

எங்கம்மா அதுக்குள்ள எறங்கிப் போயி ஒரு சொம்பு கூழு, ரெண்டு சின்ன வெங்காயம் குடுத்துட்டாங்க. அந்த ஆபீசர் நின்னவாக்குல குடிச்சார். வாயத் தொடச்சார். "எங்க வீட்லயும் ஆடியில ஒண்ணும் பண்ண மாட்டாங்க. சரி, ஆவணியில மறக்காம கட்டிடுங்க, போங்க"ன்னு கைய ஆட்டிட்டார்.

அவ்ளோதான். போக வேண்டியதுதானேன்னு பாக்குறீங்களா? நல்லா இருக்கே! அது என்ன, பிச்சை போடற மாதிரி "போங்க"ன்னு? உரிமையா சலுகையா? நான் எறங்கினேன். எங்கப்பா "லோகு, வேணாம், லோகு"ன்னு துப்பட்டாவ இழுக்கறார். "ஒரு நிமிஷம் சார்"னேன்.

"என்னம்மா?"

"எங்கப்பா தெரியாம பேசறார். இது எங்க வண்டியே இல்ல. கையெழுத்து ஆகல, பேர் மாறல. சட்டப்படி ஓனர் பாண்டிச்சேரியில இருக்கார். பாண்டிச்சேரி வண்டி, பாண்டிச்சேரி ஓனர், பாண்டிச்சேரி வரி. நாங்க சும்மா ஓட்டிட்டு வந்தவங்க. எங்ககிட்ட எந்த வரிய நீங்க கேக்கறீங்க?"

ஆபீசர் சொம்ப எங்கம்மாகிட்ட திருப்பிக் குடுத்துட்டு, "நான்தான் எதுவுமே கேக்கலியேம்மா"ன்னார்.

"ஆவணியில கட்டுங்கன்னீங்களே, அது கேக்கறதுதானே?"

எங்க வாத்தியார் சொல்லுவார், வாதத்த எதிராளி சாயும்போது விடாத, விழுந்தப்புறம்தான் விடணும்னு. நான் விடல. ரோட்ல போறவங்க நிறுத்திட்டுக் கேக்கறாங்கண்ணே! ஒரு லாரி டிரைவர் கை தட்டினார். ஆபீசர் தொப்பியக் கழட்டிட்டு தலையச் சொறிஞ்சார். "அப்ப இது உங்க வண்டி இல்ல?"

"இல்ல!"

"உறுதியா?"

"நூத்துக்கு நூறு!"

"எழுதிக் குடும்மா."

எழுதினேன். அங்கயே, பானட் மேல வெச்சு. மேற்படி வாகனத்துக்கும் எங்களுக்கும் எவ்வித உரிமையோ பாத்தியமோ இல்லை, இரவலாகவே பெற்று வந்தோம், உரிமையாளர் திரு. ஆல்பேர் அவர்களேன்னு அடிச்சுத் திருத்தாம எழுதினேண்ணே. ஒரு எழுத்து பிசகல. எங்கப்பாவக் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஆடி மாசம்னார். "இது வாங்கறதுக்கு இல்லப்பா, வாங்கலங்கறதுக்கு. ஆடியில போடலாம்"னேன். போட்டார். ஆபீசர் படிச்சுட்டு, "ரொம்ப நல்லா எழுதறம்மா. நான் ஒத்துக்கறேன். ஒத்த பைசா கட்ட வேணாம்"னார்.

ஜெயிச்சுட்டேன்!

"ஆனா வண்டிய ஓனர்கிட்டதான் குடுப்பேன். வரச் சொல்லுங்க"ன்னார்.

இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? பாயிண்ட்டு பாயிண்ட்டுதானேண்ணே. என் வாதத்துல தப்பு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்.

மிசே ஆல்பேர் பஸ் புடிச்சு வந்தார். குடைய வெச்சுக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து. ஆபீசர் நான் எழுதினத வாசிச்சுக் காட்டினார். இவர் கேட்டுட்டு, "நான் வித்துட்டேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்"னார். அப்புறம் என்னைப் பாத்தார். "சட்டம் படிக்கிற பொண்ணு எழுதியிருக்கு. அப்ப சரியாத்தான் இருக்கும்"னார். ஏத்துக்கிட்டார்ண்ணே! அந்த இடத்துலயே! ஒரு நேர்மையான மனுஷனா இருந்தா, "இல்ல, வண்டி அவங்களோடது"ன்னு மறுத்துப் பேசணுமா இல்லியா?

எங்கம்மா கூழ்ப்பானைய டிக்கியிலருந்து எறக்கினாங்க. அவர், "ஏன் எறக்கறீங்க, வாங்க, விழுப்புரத்துல வீட்டு வாசல்லயே விட்டுட்டுப் போறேன்"னு கூப்புடறார். நான்தான் முடியாதுன்னுட்டேன். எதிர்த்தரப்பு வண்டியில ஏறக் கூடாது, கேஸு பலவீனமாயிடும். பஸ்ல வந்தோம். ஆடி வெள்ளிக் கூட்டம். எங்கம்மா பானைய மடியில வெச்சுக்கிட்டு, விழுப்புரம் வர்ற வரைக்கும் என்னையே பாத்துட்டு வந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.

மணி என்னாச்சுண்ணே? ம். இருங்க, இன்னும் முக்கியமானதே வரல.

வீட்ல ரெண்டு பேரும் என்கிட்ட பேசலன்னதும் எனக்குக் கோவம் வந்துடுச்சு. நம்ம பணத்த வாங்கி வெச்சுக்கிட்டு வண்டியவும் வெச்சிருக்கற ஆள ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க, என் மேல பாயறாங்க. ஒரு நோட்டீஸ் அடிச்சேன். நானே. முழுப்பணத்தையும் உடனடியாகத் திருப்பித் தரத் தவறினால் நீதிமன்றத்தில் சந்திக்க நேரிடும்னு. ரிஜிஸ்டர் தபால். எங்கப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஆடின்னுவார்.

அவர் போன் பண்ணார். வேற யாருனாச்சும்னா என்ன பண்ணுவாங்க? திட்டுவாங்க, கிழிச்சுப் போடுவாங்க, வக்கீல் வெப்பாங்க. நான் எல்லாத்துக்கும் ரெடியா இருந்தேன். பதிலுக்குப் பதில் எழுதி வெச்சிருந்தேன். இவர், "மத்மசேல், லெட்டர் கிடைச்சுது. நீங்க கேக்கறது நியாயம்தான். ஆனா பணத்த வீட்டுக் கூரைக்குப் போட்டுட்டேன், மழைக்கு முன்ன முடிக்கணும்னு. வண்டிய வேற யாருக்காவது வித்துத்தான் தரணும், கொஞ்சம் பொறுங்க"ன்னார். சண்டைக்கே வரலண்ணே! என் பதிலெல்லாம் வீணாப் போச்சு. அப்படிப் போட்ட விளம்பரம்தான் உங்க போன்ல இருக்கறது.

ஆவணி பொறந்துச்சு. எங்கப்பா குளிச்சு, விபூதி வெச்சுக்கிட்டு, ஆசையா போன் பண்றார். "கையெழுத்துப் போட வரலாங்களா?" அந்தப் பக்கம், "உங்க பொண்ணு நோட்டீஸ்படி விக்கப் போட்டுட்டேனே, வெள்ளிக்கிழமை ஒருத்தர் வர்றேன்னிருக்காரே"ன்னு. எங்கப்பா போன வெச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தார். காயில் கருகின மோட்டாரப் பாக்கற மாதிரி.

அதான் இன்னைக்குக் காலையில பஸ் ஏறிட்டோம். நீங்க வர்றதுக்கு முன்ன முடிச்சுடணும்னு. பத்தரைக்கு முன்னாடியே வந்திருப்போம். கண்டக்டர் சில்லறை தரல. நான் கேட்டேன். எறங்கும்போது வாங்கிக்கன்னார். எறங்கும்போதுன்னா எந்தச் சட்டத்துலன்னு கேட்டேன். அவர் விசில் அடிச்சு பஸ்ஸ நிறுத்தினார். நான் சில்லறைய வாங்கிட்டுத்தான் எடுக்க விட்டேன். ஜெயிச்சேன். ஆனா இங்க வந்து எறங்கும்போது பத்து முப்பத்தஞ்சு. இன்னைக்கு என்ன கெழமை? வெள்ளி. வெள்ளிக்கிழமை பத்தரையிலருந்து பன்னண்டு என்ன? ராகு காலம்.

நீங்க வர்றதுக்கு முன்ன ஜன்னல்ல எட்டிப் பாத்தேன், எங்கப்பா உள்ள பேப்பரெல்லாம் மேசை மேல விரிச்சு வெச்சுக்கிட்டு, பேனாவத் தொடாம, மிசே வீட்டம்மா மதாம் குடுத்த காப்பியக் குடிச்சிட்டு உக்காந்திருக்கார். ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து! ரெண்டு செகண்டு வேலை. மிசே ஆல்பேர் சொல்லிட்டார், "இன்னொருத்தருக்கும் வாக்குக் குடுத்திருக்கேன், யாரு மொதல்ல கையெழுத்துப் போடறாங்களோ அவங்களுக்கு, தோத்தவங்க கோவிச்சுக்கக் கூடாது"ன்னு. அதக் கேட்டும் மனுஷன் அசையலண்ணே. மொதல்ல போட்டா ஜெயிப்பு, ஆனா அவர் பன்னண்டாகட்டுங்கறார்...

ஐயோ.

இல்லண்ணே, நான் அப்படிச் சொல்லல. மொதல்ல போடறவங்களுக்குன்னா, அதாவது, அது வாய் வார்த்தை, வாய் வார்த்தை சட்டப்படி... எங்க எந்திரிக்கிறீங்க? இவ்ளோ சொல்லியும் அந்த ஆள்கிட்டயா வண்டி வாங்கப் போறீங்க?

என்னது?

குறைய அவரே காட்டினார், டேங்க்க ரொப்பிக் குடுத்தார், கூப்பிட்டதும் பஸ் ஏறி வந்தார், நோட்டீஸ மதிச்சு விக்கப் போட்டார், அதனால இவ்ளோ நேர்மையான ஆள்கிட்டதான் கண்ண மூடிக்கிட்டு வாங்கணுமா? யாருண்ணே சொன்னா? நான் சொன்னேனா? நான் சொன்னதுக்கு இதுவாண்ணே அர்த்தம்? நீங்க என் வார்த்தைய எனக்கே எதிரா திருப்பறீங்க!

சரி, அது எங்க வண்டி. எழுதிக் குடுத்தேன், வாஸ்தவம், எங்களுக்குப் பாத்தியம் இல்லன்னு எழுதினேன். அது அப்போ. மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல? சட்டமே எல்லாம் ஆயிடுமா? எங்கம்மா ஞாயித்துக்கிழமை பொட்டியத் தூக்கிட்டு நடுரோட்ல நிக்கட்டுமா? அந்தப் பொண்ணுக்கு இன்னொரு கண்ணுக்கு யாரு மை போடுவா?

இருங்கண்ணே. இருங்க, கேட்டத் தொடாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இப்பப் போயி வண்டி பாக்கலாமா? ராகு காலம்ண்ணே! ராகு காலத்துல யாராவது கார் வாங்குவாங்களா? சும்மா இல்லண்ணே, எங்க தெருவுல ஒருத்தர் ராகு காலத்துல ஸ்கூட்டர் எடுத்து, எடுத்த அன்னைக்கே எருமை மேல விட்டார். விஞ்ஞானப்படியே அதுல ஏதோ இருக்கு, கதிரு ஏதோ...

ஏன் திரும்ப உக்காந்துட்டீங்க?

என்ன? நீங்களும் அதுக்குத்தான் காத்திருக்கீங்களா? ராகு காலம் முடியட்டும்னா? அதான் இவ்ளோ நேரம் நான் பேசினதெல்லாம்... எனக்காகக் கேக்கலியா? என் வாதத்த ரசிச்சுக் கேக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்! நான் உங்கள நிறுத்தி வெச்சிருக்கேன்னு நெனச்சா, நீங்க பாட்டுக்குப் பன்னண்டு அடிக்க உக்காந்திருக்கீங்க! படிச்சவரு மாதிரி இருக்கீங்க, வெக்கமா இல்ல?

மணி என்ன? வாட்ச்ச மறைக்காதீங்க, மணி என்னண்ணே?

அதோ. சர்ச் மணி. பன்னண்டு.

அப்பா! அப்பா! அடிச்சிருச்சு! போடுப்பா! அண்ணே, தள்ளாதீங்க, நான் பொம்பளப்புள்ள, கேட்டுக்கு நடுவுல நிப்பேன், என்ன பண்ணுவீங்க? அப்பா, கையெழுத்துப் போடு, ஆளு வந்துட்டார், கேட்டத் தொறக்கறார்! அம்மா, பேனாவ அவர் கையில திணி!

வர்றாங்க. ரெண்டு பேரும் வெளிய வர்றாங்க. என்னப்பா அது கையில, சாவியா? போட்டுட்டியா? மணி இப்பத்தானே அடிச்சுது, அதுக்குள்ள எப்படி...

என்னது, அப்பவேவா?

கேளுங்கண்ணே இவர் சொல்றத. நான் வெளிய பேசறது பூராவும் ஜன்னல்ல கேட்டுச்சாம். "யாரோ ஆள்கிட்ட வாதம் பண்றா, மறுபடியும் எதையாவது எழுதிக் குடுத்துடப் போறா. ராகு காலம் கெடக்கட்டும், அவ வாயி எல்லாக் காலத்தையும் விட மோசம்"னு பயந்து, காப்பி ஆறறதுக்குள்ள போட்டுட்டாராம். பேனாவ இவரே கேட்டு வாங்கினாராம். திங்கக்கிழமை டாக்ஸ் கட்டப் போறப்ப நான் கூட வரக் கூடாதாம்!

ஏம்ப்பா, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? ஆடி முழுக்கக் காத்திருந்தல்ல? இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்க முடியலியா? இத்தன வருஷமா பாத்துட்டு, போயும் போயும் கார் வாங்கறப்பவா ராகு காலத்துல கையெழுத்துப் போடுவ? ஏதாவது ஆச்சுன்னா?

சொல்லுங்கண்ணே நீங்க. கேக்கறது தப்பா?